இனிப்புவாய் சாய்யுன் குடித்த தண்ணீர்

தைவானில் தைனான் ஊர்க்காரர்கள் எதிலும் ஒரு கை சர்க்கரை கூடத்தான் போடுவார்கள். மீன் குழம்பில் போடுவார்கள், நூடுல்ஸில் போடுவார்கள், கேட்டால் வெளியூர்க்காரனுக்கு நாக்கு செத்துப்போச்சு என்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே ஒருத்திக்கு ‘இனிப்புவாய்’ என்று பட்டப்பெயர் வந்திருக்கிறதென்றால் அவள் லேசுப்பட்டவளாக இருக்க முடியாது. சாய்யுனுக்கு அது வந்தது இனிப்பைக் குடித்ததற்காக அல்ல, இனிப்பாகப் பேசியதற்காக. ஆனால் குடிக்கவும் குடித்தாள். அதில்தான் வினை வந்தது.

அவள் வாழ்த்துக்காரி. கல்யாண நாளில் பெண்ணின் கையைப் பிடித்து, தேநீர்த் தட்டோடு மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோய் நிறுத்தி, ஆளுக்குத் தகுந்தாற்போல நாலு நல்ல வரி சொல்கிற வேலை. வழுக்கைத் தலைக்காரருக்கு ஒன்று, கடன்காரருக்கு ஒன்று, கல்யாணமாகாத அத்தைக்கு மனம் நோகாமல் ஒன்று என்று அந்த நேரத்தில் வாயில் வந்துவிடும். இந்த வேலைக்கு எல்லாரையும் கூப்பிடமாட்டார்கள். புருஷன் உயிரோடு இருக்கவேண்டும், மகனும் வேண்டும், மகளும் வேண்டும். சாய்யுனுக்கு மூன்றும் இருந்தன. புருஷன் ஷுய்மூ ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மனைவியின் தொழிலுக்கு அவர் செய்த ஒரே உதவி உயிரோடு இருந்ததுதான். அதை அவளே மேடையில் சொல்லிச் சிரிப்பாள்.

சொல் இனிப்பாக வரவேண்டுமென்றால் வாய் இனிப்பாக இருக்கவேண்டும் என்பது அவளாக வைத்துக்கொண்ட விதி. விடிந்ததும் முதல் வாய் இனிப்புத் தேநீர். பிறகு பெண் காரில் ஏறிப் போகும்வரை பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகாது. பெண் ஏறிய கார் நகர்ந்ததும் தாய்க்காரி ஒரு பேசின் தண்ணீரை அதன் பின்னால் வீசி ஊற்றுவாள். கொட்டிய தண்ணீர் திரும்பாது, நீயும் திரும்பாமல் போன இடத்தில் நிலைத்திரு என்று அர்த்தம். “தண்ணி இன்னிக்கு ஊத்துறதுக்குடி. குடிச்சா, சொன்ன நல்ல சொல்லெல்லாம் கழுவிட்டுப் போயிடும்” என்பாள் சாய்யுன். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் கை பிடித்துவிட்ட பெண்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தார்கள். அதனால் விதி கெட்டிப்பட்டுவிட்டது.

தொண்டை வறண்டால்? அதற்குத்தான் பாட்டில். வெண்பூசணியைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்த சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து, தோள்பையில் எப்போதும் வைத்திருப்பாள். இரண்டு வரி சொல்வாள், ஒரு வாய் உறிஞ்சுவாள். கல்யாண மாதங்களில் காலை ஒரு வீடு, மதியம் ஒரு வீடு. கல்யாணம் இல்லாத மாதங்களிலும் கைப்பழக்கம் விடவில்லை. தொலைக்காட்சி பார்க்கும்போதும் பாட்டில், துணி மடிக்கும்போதும் பாட்டில். வாயில் வாடை வருகிறதோ என்ற பயம் வேறு. ஆகவே குடித்த கையோடு பிரஷ்ஷை எடுத்து, அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்ப்பாள். பாவம், அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பற்கள் முதலில் மங்கின. பிறகு ஈறோரத்தில் பழுப்புக் கோடு விழுந்தது. கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போனதை யாரும் பார்க்கவில்லை. முன்பற்கள் கறுக்க ஆரம்பித்தபோது, சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துச் சில பெண்கள் அடக்கம் என்று மெச்சிக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் மகள் பெய்ரோங்குக்குக் கல்யாணம் கூடிவந்தது. வயது முப்பத்தேழு. முன்பு ஒருமுறை நிச்சயமாகி, அந்த வீட்டோடு போய் இருந்து, சரிப்படாமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்த அன்று சாய்யுன் ஒரு கேள்வி கேட்கவில்லை. சோறு போட்டாள், படுக்கை விரித்தாள். ஊருக்கே வாய் திறப்பவள் அன்று வாய் மூடியிருந்ததுதான் அவள் வாழ்க்கையில் செய்த ஆகப் பெரிய நல்ல காரியம் என்று எனக்குத் தோன்றும். இப்போது வந்திருக்கும் மாப்பிள்ளை போஷுன், காவ்சியோங்கில் துறைமுக வேலை. நல்ல பையன். அதிகம் பேசமாட்டான்.

ஒரு சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே பெய்ரோங் கேட்டாள்:

“அம்மா, ஒண்ணு கேப்பேன். திட்டக் கூடாது.”

“கேளு. திட்டுறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்.”

“கார் கெளம்பும்போது நீ தண்ணி ஊத்தாதம்மா.”

சாய்யுன் கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டாள்.

“நல்லா இருக்குடி! ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் தண்ணிப் பேசினை எடுத்துக் குடுத்தவ நான். சொந்தப் பொண்ணுக்கு ஊத்தலைன்னா என்ன பேசுவாங்க? ‘இவளுக்கே நம்பிக்கை இல்ல, மக திரும்பி வந்துடுவான்னு வாசலத் தொறந்து வெச்சிருக்கா’ன்னு பேசுவாங்க.”

“தொறந்து வெச்சா என்ன? போன தடவ தொறந்திருந்துச்சு. அதனாலதான் நான் இன்னிக்கு உக்காந்து பூண்டு உரிக்கிறேன்.”

குரல் உடைந்துவிட்டது. பூண்டுத் தோல் காரமென்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாய்யுன் ஒரு பூண்டுப் பல்லை எடுத்தாள். உரித்துக்கொண்டே சொன்னாள்:

“ஊத்துறது கைதானே? கை ஊருக்காக ஊத்தட்டும். நீ கெளம்பறதுக்கு முன்னாடி உன் முகத்துல முக்காட்ட எறக்கிவிடறப்ப, வாய் உனக்காக ஒண்ணு சொல்லும். அந்தச் சொல்லு இந்தத் தண்ணிய மாத்திடும். போதுமா?”

“என்ன சொல்லுவே?”

“இப்ப சொன்னா அது பேச்சு. வாசல்ல சொன்னாத்தான் வாக்கு. பொறுத்திரு.”

“ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு எனக்கு மிச்சம் வெச்சிருக்கியான்னு பாக்கிறேன்” என்று பெய்ரோங் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அன்றிரவே சாய்யுன் அந்த வரிகளைக் கட்டிவிட்டாள். கதவு ரெண்டு உனக்கு, சாவி ரெண்டும் உன் கையில. அங்க விளக்கு ஏத்து, இங்க விளக்க நான் அணைக்க மாட்டேன். அவள் தொழிலில் இப்படி ஒரு வாழ்த்தை யாருக்கும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. போகிற பெண்ணுக்குத் திரும்பி வரும் வழியைச் சொல்லித் தருகிற வாழ்த்துக்காரியை யார் கூப்பிடுவார்கள்? ஆனாலும் துணி காயப்போடும்போது, அரிசி களையும்போது, உதட்டுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதெல்லாம் நாக்கு மேல்வரிசை முன்பற்களில் இடித்தது. அந்தப் பற்கள் லேசாக ஆடின.

அதற்குப் பயந்துதான் சந்தைக்குப் பக்கத்திலிருந்த பல் டாக்டர் சியாவிடம் போனாள். டாக்டர் சியாவ் ஒல்லியான, படபடவென்று பேசுகிற பெண். வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்து எச்சில் துப்பச் சொன்னாள். சாய்யுன் துப்பப் பார்த்தாள், நுரைதான் வந்தது. அதில் ஒரு துண்டுத் தாளைத் தோய்த்ததும் அது மஞ்சளாகிவிட்டது. டாக்டர் தன் எச்சிலை இன்னொரு தாளில் தொட்டுக் காட்டினாள். அது பச்சையாக நின்றது.

“வர்ற வழியில என்னம்மா குடிச்சீங்க?”

“ஒண்ணுமில்ல டாக்டர். ரெண்டு வாய் பூசணிச் சர்பத். எலுமிச்சைகூட கொஞ்சந்தான் புழிஞ்சேன்.”

“அந்த ரெண்டு வாய்தான் இந்த மஞ்சள். மஞ்சள்னா வாய் புளிச்சுக் கெடக்குன்னு அர்த்தம். வாயில இருக்கிற கிருமிக்குச் சர்க்கரை சாப்பாடு. சாப்பிட்டுட்டு அது புளிப்பத் துப்பும். அந்தப் புளிப்பு பல்லைக் கரைக்கும். ஒங்க எச்சில் ஓடி வந்து அதக் கழுவி, பல்லத் திரும்பக் கெட்டிப்படுத்தும். ஆனா அதுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் வேணும். நீங்க எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ குடிப்பீங்க?”

சாய்யுன் யோசித்தாள். “ரெண்டு வரிக்கு ஒரு தடவ.”

டாக்டருக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. புரிந்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “அப்ப ஒங்க எச்சிலுக்கு வருசக்கணக்கா ஓய்வே குடுக்கல. அதோட நீங்க சாப்பிடற ரத்தக்கொதிப்பு மாத்திரை வேற, எச்சிலே வத்திப்போச்சு. நாள் முழுக்கப் பேச்சு, அதுல இன்னும் காயும். குடிச்ச உடனே பல்லு வெளக்குவீங்களா?”

“உடனே டாக்டர். அழுத்தித் தேய்ப்பேன்” என்றாள் சாய்யுன், இதற்காவது ஒரு சபாஷ் கிடைக்கும் என்று நினைத்து.

“அய்யோ அம்மா! புளிப்புல ஊறி இளகியிருக்கிற பல்லு அது. ஊறுன சுவத்தச் சுரண்டற மாதிரி நீங்களே சுரண்டி எடுத்திருக்கீங்க. தண்ணி குடிச்சிருந்தா பாதிப் பல்லு பொழச்சிருக்கும். வெறும் தண்ணி!”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சாய்யுன் தாங்கியிருப்பாள். அவள் விரட்டி விரட்டி அடித்த ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது என்றால், இத்தனை நாள் எதற்காக வறண்ட தொண்டையோடு நின்றாள்?

மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஈறோடு அரித்துப்போய், ஈர்க்குச்சி கனத்தில் நிற்பதாக டாக்டர் சொன்னாள். எடுத்துவிட்டுத் தற்காலிகப் பல்செட் பொருத்தினால் கல்யாணத்துக்குள் பேசிப் பழகிவிடலாம்.

“கல்யாணம் முடியட்டும் டாக்டர்.”

“அதுவரைக்கும் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

“மேல் முன்பல்லு விழுந்தா வீட்ல பெரியவங்களுக்கு ஆகாது. கனவுல விழுந்தாலே மூணு நாள் கோயிலுக்கு ஓடற ஊரு இது. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு இப்பதான் நெஞ்சத் தொறந்து ஆபரேஷன் பண்ணியிருக்கு. கல்யாணம் பேசின வீட்ல நானே போயி பல்லப் புடுங்கிட்டு வந்தேன்னு தெரிஞ்சா, நாளைக்கு அந்த மனுசனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் பழி எம்மக தலையிலதான் விழும்.”

டாக்டர் வாதாடினாள். பிறகு ஓய்ந்து, பாட்டிலையாவது நிறுத்துங்கள், எது குடித்தாலும் தண்ணீரால் கொப்பளியுங்கள், முன்பல்லால் எதையும் கடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். வீட்டில் சாய்யுன் அப்படியே செய்தாள். சர்பத்தை ஷுய்மூவின் தலையில் கட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஆனால் முன்பே ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் இருந்தனவே. சொந்த மகள் கல்யாணத்துக்கு முன்னால் மற்ற பெண்களைக் கைவிட்டால் அது பாவமாக வந்து சேரும் என்று போனாள். போன இடத்தில் விதிப்படிதான் நடந்தாள். ஒருநாள் மட்டும், ஒரு வீட்டுக் குளியலறையில், குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீரை வாயருகே கொண்டுபோனாள். வெளியே அந்தப் பெண்ணின் சிரிப்பு கேட்டது. கையை உதறிவிட்டு வந்தாள்.

பெய்ரோங்கின் கல்யாணத்தன்று காலையிலிருந்து மழை பெய்வதுபோலவே இருந்தது, பெய்யவில்லை. தாய் தன் மகளுக்கே வாழ்த்துக்காரியாக நிற்பதில்லை. அதனால் பெய்ரோங்கின் கையைப் பிடிக்க வேறொரு அம்மாளை அமர்த்தியிருந்தார்கள். அந்த அம்மாள் தப்பும் தவறுமாகச் சொன்னாள். சாய்யுன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பாள், கடிக்கிற நிலையில் பல் இருந்திருந்தால். மகளுக்காக அன்றும் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. விடியற்காலையில் இனிப்புத் தேநீர், அதன் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் இன்னொரு கோப்பை.

பிறகு இனிப்புருண்டை வந்தது. சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கும் பசையரிசி உருண்டை, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. பெண்ணைப் பெற்றவள் சாப்பிடாமல் மற்றவர்கள் கரண்டியைத் தொடமாட்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாய்யுன் உருண்டையைக் கடைவாய்ப் பக்கமாகத் தள்ளப் பார்த்தாள். அங்கே மெல்லப் பல் இல்லை. உருண்டை முன்பக்கமே வந்து ஒட்டிக்கொண்டது. நாக்கால் அதை இழுத்தாள். வெளியே யாருக்கும் கேட்காமல், மண்டைக்குள் அவளுக்கு மட்டும் கேட்க, ஏதோ முறிந்தது.

துப்பியிருக்கலாம். கல்யாண வீட்டில் இனிப்புருண்டையைத் துப்புகிற தாய் எங்கேயாவது உண்டா? பல்லும் உருண்டையுமாக விழுங்கினாள். வாயில் உப்புக் கரித்தது. நாக்கால் தடவினாள். ஒரு பல் முழுசாகப் போயிருந்தது. பக்கத்துப் பல் நாக்கு பட்டதும் மடங்கியது. ரத்தம் ஊறிக்கொண்டே வந்தது. அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

“சாய்யுன் அம்மா, வாங்க, முக்காடு எறக்கணும்!” என்று அந்த வாழ்த்துக்கார அம்மாள் கூப்பிட்டாள்.

பெய்ரோங் முழந்தாளிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சின்னப்பிள்ளைக் குறும்பு. ‘எங்கே, மிச்சம் வெச்சிருக்கியா பாக்கலாம்’ என்று கண் கேட்டது. சாய்யுன் வெள்ளை முக்காட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்தாள். கதவு ரெண்டு உனக்கு. தொண்டைவரை வந்து நின்றது. வாயைத் திறந்தால் ரத்தம் முக்காட்டில் சொட்டும். ஓட்டை வாயோடு நின்று சொன்னால் அந்த நிமிஷமே எல்லார் கண்ணும் மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பும். அவர் நாற்காலியில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, ஒரு வார்த்த சொல்லுங்க. வீடியோ ஓடுது” என்றான் படம் பிடிக்கிற பையன்.

சாய்யுன் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஊருக்கெல்லாம் சொல்றவங்களுக்கு இன்னிக்குச் சொல்லு வரல பாருங்க” என்றாள் சம்பந்தியம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. “காசு குடுத்தாத்தான் வரும்போல.”

சிரித்தார்கள். பெய்ரோங் சிரிக்கவில்லை. குறும்பு முகத்தை விட்டுப் போவதைச் சாய்யுன் பார்த்தாள். “அம்மா?” என்றாள் மெதுவாக. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். சாய்யுன் முக்காட்டை இறக்கினாள்.

வாசலில் கார் உறுமியது. வாழ்நாளில் எந்தக் கல்யாணத்திலும் எதையும் எடுத்துக் கொடுத்திராத ஷுய்மூ, அன்றைக்கென்று பார்த்துப் பொறுப்பாகத் தண்ணீர்ப் பேசினோடு வந்து நின்றார். “இந்தா, ஊத்து.” தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சாய்யுன் பேசினை வாங்கினாள். கை ஊருக்காக ஊற்றியது.

மூன்றாம் நாள் மகளும் மருமகனும் மறுவீட்டுக்கு வந்தார்கள். அதற்குள் டாக்டர் சியாவ் இரண்டு வேர்களையும் எடுத்துத் தையல் போட்டிருந்தாள். ஈறு ஆறுகிறவரை எதையும் பொருத்த முடியாது. சாய்யுன் முகக்கவசம் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். சளி என்று ஷுய்மூ சொல்லிவைத்திருந்தார். பெய்ரோங் விருந்தாளிபோல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். வீடு சௌகரியமாக இருக்கிறது, மாமனார் நன்றாக இருக்கிறார் என்று தொலைபேசியில் பேசுவதுபோலப் பேசினாள். மாப்பிள்ளையும் ஷுய்மூவும் ஸ்கூட்டர் பார்க்கக் கடைக்கு இறங்கிப் போனதும் எழுந்து சமையலறைக்கு வந்தாள். பழக்கதோஷத்தில் சர்பத் பாட்டிலை எடுத்து அம்மாவுக்கு ஊற்றப் போனாள்.

“தண்ணி குடு” என்றாள் சாய்யுன்.

“ஒனக்கா? தண்ணியா?” பெய்ரோங்கின் சிரிப்பில் கசப்பு இருந்தது. “அதான் எம்பின்னாடி ஊத்தித் தீத்துட்டியே.”

சாய்யுன் முகக்கவசத்தைக் கழற்றி வாயைத் திறந்து காட்டினாள்.

பெய்ரோங் பார்த்தாள். வீங்கிய உதடு, கறுப்பு நூல், நடுவில் வெறும் இடம். “எப்போ?” என்றாள். சாய்யுன் உருண்டை பிடிப்பதுபோல விரலால் காட்டினாள். பெய்ரோங்குக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

சாய்யுன் சொன்னாள். கட்டி வைத்திருந்த வரிகளை, ஒன்றுவிடாமல். சொல்லைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது. கதவு என்பதும் விளக்கு என்பதும் ஊதி அணைத்ததுபோல் வெளியே வந்தன. ஊரே மயங்கிய குரலா இது என்று அவளுக்கே அழுகை வந்தது.

“இப்ப சொல்லி என்னம்மா” என்றாள் பெய்ரோங். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சாய்யுனை அறுத்தது. “வாசல்ல சொன்னாத்தான் வாக்குன்னு நீதானே சொன்னே? படி எறங்கறப்போ ஒவ்வொரு படியிலும் நின்னு நின்னு கேட்டுட்டே போனேன்.”

விதி அவளுடையதுதான்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது மறுவீட்டு முறை. மருமகன் காரை வாசலுக்குக் கொண்டுவந்தான். சாய்யுன் கையில் தண்ணீர்த் தம்ளரோடு வாசல்வரை வந்தாள். டாக்டர் சொன்னபடி நாள் முழுக்க அதைக் கையில் வைத்தேதான் திரிந்தாள். காருக்குள் ஒரு காலை வைத்த பெய்ரோங், தம்ளரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“இன்னிக்கும் ஊத்தப்போறியாம்மா?”

தெருவில் அக்கம்பக்கத்தார் இருந்தார்கள். முகக்கவசம் சமையலறையிலேயே கிடந்தது. சாய்யுன் தம்ளரை உயர்த்தி, எல்லோரும் பார்க்க, ஓட்டை வாயைத் திறந்து குடித்தாள். தையல் போட்ட இடத்தில் தண்ணீர் பட்டு உச்சிவரை சுரீரென்றது. கண் கலங்கியது. நிறுத்தாமல் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, காலித் தம்ளரை மகள் பக்கமாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டும் தரையில் விழவில்லை.

பெய்ரோங் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கார் தெருமுனை திரும்பும்வரை சாய்யுன் அப்படியே நின்றாள். அவள் பார்த்தவரை கண்ணாடி இறங்கவில்லை.